அப்பாவின் பேஜாரு

1

ஜூலை நெருங்கினால் எங்கள் ஆஸ்பத்திரியில் புது டாக்டர்கள் வந்து இறங்குவார்கள். கசங்காத வெள்ளைக் கோட்டும், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாத முழியுமாக வராந்தாவில் நிற்பார்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் நின்றேன். இந்த வருஷம் அவர்களை வரவேற்கும் கூட்டத்தில் நான் ஒரு கதை சொல்ல வேண்டும் என்று டாக்டர் கெல்லர் கேட்டார். எங்கள் பயிற்சித் திட்டத்துக்கு அவர்தான் இயக்குநர். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. "உன் கதையை நீயே சொன்னால்தான் அழகு, டாக்டர் சூசை" என்றார்.

சூசை என் அப்பா பெயர். செங்கல்பட்டில் நான் எஸ். லூர்து மேரி. அமெரிக்காவில் இனிஷியல் செல்லாது; விரித்து எழுது, குடும்பப் பெயர் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டதில் அப்பா பெயர் பின்னால் போய் உட்கார்ந்து, இப்போது அதுவே என் பெயராகிவிட்டது. நான் பிறந்தது லூர்து மாதா திருநாளன்று. அதை இங்கே யாரிடம் சொல்ல? பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத உங்கள் பெயருக்கு முன்னால் இங்கே டாக்டர் போடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஊசி போட நான்தான் வர்ணுமா?" என்றார்.

டாக்டர் கெல்லர் கேட்ட கதையும் அப்பாவைப் பற்றியதுதான். ஆனால் ஓஹையோவில் உள்ள இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதை பொய். அதில் நான் செய்யாத தப்பு ஒன்றை நான் செய்ததாக வருகிறது. நிஜத்தைத் தமிழிலாவது எழுதி வைக்கிறேன்.

2

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் இங்கே வந்து இறங்கியதும் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்ள முடியாது. பெரிய பெரிய பரீட்சைகள் எழுத வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர இடம் கிடைக்க வேண்டும். அதற்குப் பெயர் ரெசிடென்சி. ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டுப் பேசும். பிறகு யாருக்கு யார் என்று மார்ச் மாதத்தில் கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்துச் சொல்லும். அசல் கல்யாணத் தரகுதான். பட்டம் வாங்கி வருஷம் ஏற ஏற நம்மைப் பழைய சரக்கு என்று ஒதுக்குவார்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் இன்னும் மோசம்.

இந்தப் பைத்தியம் எனக்கும் ரேவதிக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. ரேவதி என் வகுப்புத் தோழி, திருநெல்வேலிக்காரி. அவள் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அவளுக்கு நான் செய்யும் இந்த மரியாதையை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில், ஈசிஆர் சாலை ஓரமாக இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இரண்டு பேரும் டூட்டி டாக்டராகச் சேர்ந்தோம். சனி ஞாயிறில் படகுத் துறைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழுந்து கை காலை உடைத்துக்கொண்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், சர்க்கரை, மீன் முள் குத்தி வீங்கிய விரல். கூட்டம் இல்லாத நேரத்தில் டூட்டி ரூமில் ஒரு லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு கேள்வி கேள்வியாகப் போடுவோம். பதில் தப்பானால் மற்றவளுக்கு டீ வாங்கித் தர வேண்டும். நான்தான் அதிகம் வாங்கிக் கொடுத்தேன். படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டி, அதை மறைப்பானேன்?

"எவ முன்னால உள்ள போறாளோ அவ மத்தவளக் கையப் பிடிச்சு இழுத்துக்கிடணும், ஏட்டி" என்பாள். நானும் தலையாட்டுவேன். அந்த இரண்டு வருஷத்தில் என் அம்மாவிடம் பேசியதைவிட அவளிடம்தான் அதிகம் பேசியிருப்பேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது போட்டோவை முதலில் காட்டியதும் அவளிடம்தான்.

3

அப்பா அப்போது சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி. ஒருநாள் மத்தியானம், ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோ பிடித்து நேராக எங்கள் நர்சிங் ஹோமுக்கு வந்தார். நீல யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நான் மாடியில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே ரேவதி இருந்தாள்.

"பேஜாரா கீதும்மா" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பேஜாரு என்றால் எங்கள் பக்கத்தில் தொல்லை, சலிப்பு. கிளாஸ் பேஜாரு, மெஸ் சாப்பாடு பேஜாரு, பஸ் வரவில்லையென்றால் பேஜாரு. கல்லூரியில் பையன்கள் வாயில் ரேவதி ஐந்து வருஷம் கேட்டது இந்தப் பேஜாருதான். அப்பா மகளைப் பார்க்க வந்திருக்கிறார், காக்க வைத்ததில் சலித்துக்கொள்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "இந்தா வந்துருவா அப்பா, செத்த உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினாள். அவர் நெஞ்சைத் தடவுவதைப் பார்த்து, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, வாயு மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்தாள். அப்பாவும் சொன்னபடி கேட்கும் பிள்ளையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்பாவின் பேஜாரு வேறு. அந்த மனுஷர் வாயில் வலி என்ற சொல்லே வராது. எங்கள் வீட்டுக் கூரை போடும்போது ஆணி ஏறிய காலோடு நின்று "ஒண்ணியும் இல்ல, நீ போ" என்றவர். மஞ்சள் காமாலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுதான் "உடம்பு பேஜாரா கீது" என்றார். தாங்க முடியவில்லை என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சொல் அது.

நான் படி இறங்கி வரும்போது ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"இன்னாப்பா?"

"பேஜாரா கீதும்மா, மேரி."

அவ்வளவுதான். அடுத்த கேள்வி கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு அவரை அப்படியே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். பேப்பர் வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது, மாரடைப்பு. கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் நானே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார்.

மறுநாள் நர்சிங் ஹோமின் பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, வாயு மாத்திரை கொடுத்தது யார் என்று கத்தினார். ரேவதியின் முகம் வெளுத்துப்போனது. அப்போது அவளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் அவரிடமிருந்து வர வேண்டியிருந்தது. என் அப்பா, என் பாடு என்று நினைத்து, "நான்தான் சார், முதல்ல வாயுன்னு நெனச்சிட்டேன்" என்றேன். சொந்த அப்பா விஷயம் என்பதால் அவரும் அதோடு விட்டுவிட்டார். அன்றைக்கு ரேவதி மாடிப்படியில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். வார்த்தை புரியாமல் செய்த தப்பு, யாருக்கும் நடக்கலாம். அதற்காக இன்றுவரை நான் அவளைக் குறை சொன்னதில்லை.

4

ரேவதிக்கு முதலில் இடம் கிடைத்தது. எனக்கு அதற்குள் கல்யாணம், குழந்தை, வீட்டுக்காரரின் வேலையோடு இங்கே வந்து சேர்ந்தது என்று வருஷங்கள் ஓடிவிட்டன. மூன்று முறை விண்ணப்பித்து ஒரு ஆஸ்பத்திரிகூடக் கூப்பிடவில்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில் அவளே போன் செய்து, "எங்க ஆஸ்பத்திரிக்குப் போடு, நான் டாக்டர் கெல்லர்ட்ட ஒனக்காகப் பேசுதேன்" என்றாள். பேசினாள். அழைப்பு வந்தது. அன்று அவளுக்காக மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன்.

நேர்காணல் கம்ப்யூட்டரில்தான். அறைக்கதவைச் சாத்திவிட்டு, மேலே கோட்டும் கீழே நைட் பேண்ட்டுமாக உட்கார்ந்தேன். மனதை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல் என்றார் டாக்டர் கெல்லர். நான் தயார் செய்து வைத்திருந்தது அப்பாவைத்தான். ஆனால் அப்பா என்று கடைசியில் சொல்லலாம் என்று எண்ணி, ஒரு செக்யூரிட்டி வந்தார், அவருக்கு வலி என்று சொல்ல வராது, எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைத்தான் சொன்னார் என்று ஆரம்பித்தேன்.

டாக்டர் கெல்லர் கையை உயர்த்தினார். "பே-ஜார்?" என்றார்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக. ஓஹையோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா வாயில் எங்கள் செங்கல்பட்டுப் பேஜாரு!

"ரேவதி தன் நேர்காணலில் சொன்னார். நாங்கள் யாருமே மறக்கவில்லை" என்றார். "கூட இருந்த டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து உட்கார வைத்துவிட்டார், ரேவதிதான் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டு ஈசிஜி எடுத்தார் இல்லையா?" குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்: "அந்த இன்னொரு டாக்டர் நீங்கள்தானே?"

"அவர் என் அப்பா" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

டாக்டர் கெல்லர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. சொந்த அப்பாவின் மாரடைப்பையே வாயு என்று விட்டுவிட்ட மகள், அதை மறைக்காமல் வந்து சொல்கிறாள் என்று புரிந்துகொண்டார். இல்லை என்று நான் வாயெடுப்பதற்குள் நேரம் முடிந்து, திரையில் அடுத்துக் கேள்வி கேட்க வேண்டிய டாக்டர் வந்து வணக்கம் சொன்னார்.

5

அன்றைக்கே ரேவதியைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற நீ?"

அவள் மழுப்பவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "ஏட்டி, எனக்குச் சொல்ல வேற கேஸ் இல்ல. அத்தன வாட்டி சொல்லிப் பழகினதுல நானே பாத்த மாதிரி ஆயிப்போச்சு."

"நீ பாத்தது வாயுடி. சரி, உன்னைப் பெருசா சொல்லிகின. என்னை ஏன் அதுல இழுத்த?"

"ஒம்பேரச் சொல்லலியே. கூட ஒரு டாக்டர்னுதான் சொன்னேன். ஒனக்காகப் பேசும்போது அவுகளாதான் கேட்டாவ, அந்த டாக்டர் இவளான்னு. ஆமான்னேன். அந்தத் தப்புக்கு அப்புறம் அவ ரொம்ப மாறிட்டா, கவனமா இருப்பான்னு நல்லாத்தான் சொன்னேன். அதனாலதான் ஒன்னக் கூப்புட்டாவ."

எனக்காக அவள் பேசிய சிபாரிசு இதுதான். மெழுகுவத்தி வேறு ஏற்றினேன்.

இப்போதே டாக்டர் கெல்லரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் அழுதாள். பொய் சொல்லி உள்ளே வந்ததாகத் தன்னை நீக்கிவிடுவார்கள், விசா போய்விடும், தன்னை வைத்துக் கூப்பிட்ட உன்னையும் கழித்துவிடுவார்கள் என்றாள். அப்புறம் ஒரு பழைய கணக்கைத் தட்டிவிட்டாள்: "அன்னிக்குப் பெரிய டாக்டர்ட்ட நான்தான் குடுத்தேன்னு சொன்னது நீதானட்டி?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தபோது கெஞ்சிக்கொண்டிருந்தாள். "நீ உள்ள வா. வந்த ஒடனே நானே டாக்டர் கெல்லர்ட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன். எங்கம்மா சத்தியமா."

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அவள் சத்தியத்தையும் நம்பினேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

மார்ச்சில் பொருத்தம் வந்தது. அதே ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

6

உள்ளே வந்தேன். முதல் கூட்டத்திலேயே டாக்டர் கெல்லர் அந்தக் கதையைச் சொன்னார், பெயர் சொல்லாமல், என்னைக் கனிவாகப் பார்த்தபடி. நோயாளியின் சொல்லை அவசரப்பட்டு மொழிபெயர்க்காதே என்பது அவர் சொல்லும் பாடம். நல்ல பாடம்தான். வார்டில் நர்ஸ்கள் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள். நான் ஈசிஜி கேட்டால், பாவம், பட்டவள் என்பது போல ஒரு புன்னகை. சரியாகச் செய்தாலும் தப்பிலிருந்து திருந்தியதால் செய்கிறேன் என்றுதான் கணக்கு.

ரேவதியிடம் கேட்டேன். கொஞ்சம் பொறு, ஃபெலோஷிப் என்கிற மேற்பயிற்சிக்கு விண்ணப்பம் போகட்டும் என்றாள். அது போனது. நேர்காணல் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தது. விசா புதுப்பிக்க வேண்டும் என்றாள். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ்கூட இத்தனை தடவை நாளைக்கு வா என்று சொல்லாது.

என்னை உடைத்தது அவள் இல்லை, என் மகள். இந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரிக் குடும்பங்கள் எல்லாரும் பூங்காவில் கூடிச் சாப்பிட்டோம். ஜெனிக்கு ஏழு வயது. யாரோ பெரியவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. வீடு திரும்பும்போது கார் பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "அம்மா, தாத்தாக்கு நீ ராங் மெடிசின் குடுத்தியா?"

இல்லடா என்றேன். "பட் எவ்ரிபடி நோஸ்" என்றாள். அவளுக்குத் தமிழில் சொன்னால் பாதி புரியாது, ஆங்கிலத்திலோ ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது.

அந்த வாரம்தான் அப்பாவிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவில் முதலில் சிரித்தார். "இன்னாது, என் நெஞ்சுவலிய எடுத்துகினு போயி சீட்டு வாங்கிகினாளா?" அப்புறம் சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்துக்கம்மானு குடுத்திருப்பேனே. அத்த எடுத்துகினா போவட்டும். உன்ன ஏன்மா மாட்டி வுட்டா?" போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "நீ இல்லனா அன்னிக்கே நான் கல்லறைக்குப் போயிருப்பேன். அத்த அந்த அம்மாகிட்ட சொன்னியா இல்லியா?"

"அவளே சொல்றேன்னுகீறாப்பா."

"சொல்லுவாளா?"

7

கூட்டத்துக்கு முன்னால் ரேவதியைக் காபி இயந்திரத்தருகே பிடித்தேன். இன்றைக்குச் சொல்லிவிடு, நீ சொன்னால் அது தைரியம், நான் சொன்னால் புகார் என்றேன். "சரி" என்றாள். தலையைக்கூட ஆட்டினாள்.

டாக்டர் கெல்லர் என்னை மேடைக்கு அழைத்தார். புது முகங்கள் நிமிர்ந்து பார்த்தன. முதல் வரிசையில் ரேவதி, இன்னும் சில நாளில் பயிற்சி முடித்துப் போகிறவள். நான் மைக்கைப் பிடித்து, "இந்த நோயாளி என் அப்பா. அவரை முதலில் பார்த்தது டாக்டர் ரேவதி. அதனால் என்ன நடந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்" என்று சொல்லிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினேன்.

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

சொன்னாள். முட்டுக்காட்டு உப்பங்கழி, நீல யூனிஃபார்ம், பேஜாரு என்ற சொல், ஈசிஜி பேப்பர் எல்லாம் அழகாக வந்தன. ஈசிஜி எடுத்தது அவள். வாயு மாத்திரை கொடுத்தது நான். இம்முறை புதிதாக ஒன்றையும் சேர்த்தாள்: "அன்று என் தோழி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள், நான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்" என்றாள். சொல்லும்போதே என் தோளில் கை வைத்தாள். புது டாக்டர்கள் கைதட்டினார்கள். டாக்டர் கெல்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் ஆங்கிலத்தில் சண்டை போட எனக்கு வரவில்லை. அங்கேயே டாக்டர் கெல்லரிடம் போய், நாளைக் காலை தனியாகப் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டேன். தாராளமாக என்றார். என்ன பேசப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நன்றி சொல்ல வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் ரேவதி பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். வழக்கம்போலத் தமிழில், வழக்கம்போலப் பாசமாகக் கேட்டாள்: "ஏட்டி, அப்பா எப்படி இருக்காவ?"

அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேச அவளுக்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. எனக்கும் அப்படித்தான்.

"ஹி இஸ் ஃபைன், டாக்டர்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனேன்.